ரேடியோ அக்காவின் எழுத்து

தமிழ் எழுத்தை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பே ஏழு வருடம் ரேடியோவில் தமிழ் வாசித்திருக்கிறேன். அது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் நீளமானது.

அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் ரங்கூனில் தமிழ்ப் பள்ளிகள் எல்லாம் அரசாங்கப் பள்ளிகளாகிவிட்டன. அதனால் எனக்குப் பேச்சு தமிழ், எழுத்து பர்மியம். அப்படி வளர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே ஏராளம். ஒரு குறையாக அது எனக்குத் தோன்றியதே இல்லை, மைக் முன்னால் உட்காரும்வரை.

ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் கிறிஸ்தவ சபை. அதன் மாடியறையில் வானொலி ஊழியம் நடந்தது. வெளிநாட்டிலிருந்த ஒரு கிறிஸ்தவ சிற்றலை நிலையத்துக்காக கரேன், மொன், பர்மிய மொழிகளில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து கேசட் அனுப்புவார்கள். தமிழுக்கும் வாரத்துக்குக் கால் மணி நேரம் உண்டு. பெகு, தட்டோன் பக்கத்து வயல்காட்டுத் தமிழர்களுக்காக அது. அந்த ஊர்களில் ஜெபவீடு இருக்கும், போதகர் இருக்கமாட்டார்.

எங்கள் போதகர் எழுதுவார், நான் வாசிப்பேன். குரல் நன்றாக இருக்கிறது என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் வாசித்தவர் எழுத்துக்கூட்டி வாசித்தார் என்று போதகர் அவரை நிறுத்தியிருந்தார். "தமிழ் வாசிக்கத் தெரியாதவங்க மைக்குக்கு முன்னால உக்காந்து அதக் கொல்லக் கூடாது" என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அதன் பிறகு எங்கே வாயைத் திறப்பது?

ஒவ்வொரு வாரமும் போதகர் எழுதித் தரும் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோவேன். அப்பா மெதுவாக வாசிப்பார். அவர் சொல்லும் தமிழை நான் பர்மிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பதிவின்போது மைக்கைச் சுற்றிப் பழைய போர்வைகளைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் போதகர் டேப் மெஷினோடு இருப்பார். இந்தப் பக்கம் நான், அவர் தாளுக்கு மேல் என் நோட்டை வைத்துக்கொண்டு, ரயில் சத்தம் அடங்கியதும் ஆரம்பிப்பேன்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பர்மிய மொழியில் 'ர' என்று எழுதுவதைப் பெரும்பாலும் 'ய' என்றுதான் வாசிப்போம். ரங்கூன் யாங்கோன் ஆவது அப்படித்தான். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, "தேவனுடைய இரக்கம் உங்களோடு இருக்கும்" என்பதை, கண் போன போக்கில், "தேவனுடைய இயக்கம் உங்களோடு இருக்கும்" என்று வாசித்துவிட்டேன். போர்வைக்கு அந்தப் பக்கம் மெஷின் டக்கென்று நின்றது.

"இயக்கமா? ஏம்மா, காலம் கெட்டுக் கெடக்குற நேரத்துல இயக்கம் கியக்கம்னு ரேடியோவுல சொன்னா நம்ம எல்லாரையும் பட்டாளத்தான் அள்ளிக்கிட்டுப் போயிருவான்."

"வாய் கொளறிருச்சு ஐயா."

அன்று முதல் நோட்டில் 'ர' வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் புள்ளி வைத்தேன். பக்கமே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கால் மணி நேரத்தைப் போல எனக்குப் பிடித்தது அன்று வேறொன்றும் இல்லை. க்யிம்யிண்டைங் சந்தையில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பேரம் பேசுகிறவள் நான். இங்கே உட்கார்ந்து பேசினேன், எதிர்ப்பேச்சு பேச ஆள் இல்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆறாம் வருடம் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மற்ற மொழிகளுக்கு நேயர் கடிதங்கள் வருகின்றன, தமிழுக்கு ஒன்றுகூட வருவதில்லை, கேட்க ஆள் இல்லாவிட்டால் வருடக் கடைசியோடு தமிழை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை வேறு மொழிக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். போதகர் அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். "யாருமே கேக்கலியாம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆறு வருடம் சுவரோடா பேசினேன்?

எங்கள் முகவரிக்கு வரும் நேயர் கடிதங்களை மொழிவாரியாகப் பிரித்து நிலையத்துக்குக் கணக்கு அனுப்புவது கரேன் நிகழ்ச்சி வாசிக்கும் பெண்மணியின் வேலை. என்னைவிட மூத்தவர், பர்மிய வழக்கப்படி 'அமா' என்று கூப்பிடுவேன். மேஜைக்கு அடியில் அவர் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். கரேன், மொன், பர்மியம் மூன்றுக்குமே பர்மிய எழுத்துதான் என்பதால், எந்த மொழி என்று புரியாத கடிதங்களை அதில் போட்டுவைப்பார். ஒரு நாள் கரண்ட் போய், பதிவு நடக்காமல், விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இதெல்லாம் மொன்காரங்க கடிதம்னு நினைக்கிறேன். ஆனா மொன் வாசிக்கிறவர் இது எங்க மொழி இல்ல, கரேன்தான்னு சொல்றார்" என்று அமா பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்தார். "ரெண்டு பேரும் வருஷக்கணக்கா மாத்தி மாத்தித் தள்ளிவிடுறோம்."

பொழுது போகாமல் டின்னிலிருந்து ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டினேன். அன்-புல்-ல. யே-டி-யோ. அக்-கா-வு-கு.

இன்னொரு தடவை வாசித்தேன். 'யே'யை 'ரே' ஆக்கி வாசித்தேன். டின்னை அப்படியே தரையில் கவிழ்த்தேன். அத்தனையும் தமிழ். அத்தனையும் என்னைப் போலவே பர்மிய எழுத்தில் எழுதியது.

தாள்களை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். போதகர் ஒன்றைக் கையில் வாங்கிக் கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் பார்த்தார். கடைப் பலகை வாசிக்கும் அளவுக்குத்தான் அவருக்குப் பர்மிய எழுத்து. "நீயே வாசி" என்று திருப்பித் தந்தார். பெகு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் எழுதியது அது. நிற்காமல் வாசித்தேன்.

"அன்புள்ள ரேடியோ அக்காவுக்கு. நாங்க நல்லா இருக்கோம். உங்க சத்தம் தெளிவா கேக்குது, மழ வந்தாத்தான் கொரகொரங்குது. போன மாசம் நெல்லு வித்து ரேடியோவுக்குப் புது பேட்டரிக் கல்லு வாங்கிப் போட்ருக்கோம். எங்க வீட்டுக்கு எட்டு வீட்டு ஆளு வந்து கேக்குது. நீங்க தமிழ் படிச்சவங்க, எவ்ளோ அழகா வாசிக்கிறீங்க. எங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பர்மா எழுத்துல எழுதுறதுக்கு வெக்கமா இருக்கு, கோவிச்சுக்காதீங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எப்பிடிம்மா தண்ணி பட்ட பாடா வாசிக்கிற?" என்று கேட்டார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வராது என்றெல்லாம் இல்லை, சந்தையில் வேலை பார்க்கிறவள் நான். ஆனால் அந்தப் பெண் என்னிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டிருந்தாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன்னால் பிரித்து வைத்தேன்.

"எனக்கும் தமிழ் எழுத்து தெரியாது ஐயா. ஆறு வருசமா இத வச்சுத்தான் வாசிக்கிறேன். அப்பா சொல்லுவாரு, நான் எழுதிக்குவேன்."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் நாற்காலி போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அப்போ அந்த இயக்கம்..." என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

கடிதங்களோடு ஒரு விளக்கத்தையும் சேர்த்து அவரே நிலையத்துக்கு அனுப்பினார். தமிழ் நிகழ்ச்சி தொடரும் என்று இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அந்த வாரப் பதிவில் அவருடைய செய்தியை வாசித்து முடித்த பிறகு, தாளில் இல்லாததை நானாகச் சொன்னேன்: "பர்மா எழுத்துல எழுதுனதுக்காக யாரும் வெக்கப்படாதீங்க. நானும் இத பர்மா எழுத்துலதான் எழுதி வச்சு வாசிக்கிறேன்." மெஷின் நிற்கவில்லை.

அடுத்த மாதம் அதே பெண்ணிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "அக்கா, நீங்க வாசிக்கிற அந்தத் தாள வாசிச்சு முடிச்சதும் எங்களுக்கு அனுப்புங்க. இங்க போதகர் வருசத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு. மத்த ஞாயித்துக்கெழம நாங்களே வாசிச்சுக்குறோம்."

அதைப் படித்துக் காட்டியதும் போதகர் பேனாவை மூடி வைத்தார். அன்று முதல் அவர் சொல்லச் சொல்ல நான் பர்மிய எழுத்தில் எழுதினேன். தாள்களுக்கு நடுவில் கார்பன் வைத்து அழுத்தி எழுதியதில் விரல் காய்த்துப்போயிற்று. அமா அவற்றை மடித்து உறையில் போட, தபால் போகும் கிராமங்களுக்கெல்லாம் போயின.

எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.