ஒழுகாத சுவர்

என் கணவர் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தது ஆவடியில், ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில். ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. செய்து முடித்த வண்டியைத் தண்ணீரில் இறக்குவார்கள். இவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து எங்கேயாவது ஈரம் கசிகிறதா என்று தேடுவார். கசிந்தால் அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸில் ஒரு வட்டம். கசியாவிட்டால் பாஸ். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. பிள்ளைகளுக்கு டிபன் டப்பாவில் ரசம் சாதம் கட்டினால், டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வாசலில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை எனக்கு ஒரே ஆசைதான். கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். ரிட்டயர் ஆனதும் வெள்ளானூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி வீடு கட்டினோம். குடிவந்த அன்று ஜெபம் முடிந்து பாஸ்டர் கிளம்பியதும் சமையலறையில் நான் முதலில் அடித்தது ஆணிதான். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா அடித்தேன்.

மனையைக் காட்டிய புரோக்கர், "பின்னாடி லேக் வியூ மேடம்" என்று சொல்லியிருந்தார். வியூ வருடா வருடம் கிட்டே வந்தது. முதல் மழைக்கு முருங்கை மரம் ஏரிக்குள் சாய்ந்தது. அடுத்த மழைக்குத் துணி காயப்போடும் கம்பம். அப்புறம் துவைக்கிற கல். கல் போன அன்று சமையலறைத் தரையில் அடுப்பு மேடையிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஒரு விரிசல் கண்டது. தலைமுடி அளவுதான். இவர் சபைக் காலண்டரில் பழைய மாதத்தாளைக் கிழித்து, ஒரு பட்டை வெட்டி, விரிசலின் குறுக்கே பசை போட்டு ஒட்டினார். தாள் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தமாம். அன்றிலிருந்து பால் காய்ச்சுவதற்கு முன்னால் குனிந்து தாளைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வீடு. குவார்ட்டர்ஸ் மாதிரி ஒப்படைத்துவிட்டு வேறு கதவு எண்ணுக்குப் போக முடியாது.

மனு கொடுத்தோம். ஓர் அதிகாரி வந்தார். கரையில் நின்று எட்டிப் பார்த்தார். "ஆமாம், அரிக்குது" என்றார். தெருக்காரர்களே கல் கட்டிக்கொள்வதானால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார். டீ குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

எங்கள் தெருவில் பாதிப்பேர் அதே தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர்கள். வேலை இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கரை அரித்தது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போர்ட்டிகோவில் கமிட்டி கூடும். என் கணவர் தலைவர். எதிர்வீட்டுக்காரர், வெல்டராக இருந்தவர், செயலாளர். மற்றவர்கள் சுண்டல் சாப்பிட வந்தவர்கள்.

தெருவின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஏரியின் விளிம்போடு ஒரு கருங்கல் சுவர் என்று முடிவானது. ஆள் வைத்துக் கட்டினார்கள் என்று பேர். ஒவ்வொரு கல்லுக்கும் இவர்கள் குனிந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அடுத்த கல். தெரு எங்கள் வீட்டுப் பக்கமாகச் சரிந்து வந்து, எங்கள் சமையலறையை ஒட்டி ஏரிக்குள் இறங்கும். அந்த மூலையில்தான் அரிப்பு அதிகம். ஓர் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஓடை மாதிரி மண் போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் சுவரை இரட்டைக் கனத்தில் எழுப்பி, கல் இடுக்கெல்லாம் நீர் புகாத கலவை பூசினார்கள். எனக்கும் அதில் பரம திருப்தி. சமையலறைக்கு அதுதானே பக்கம்.

பிறகு சோதனை. எதிர்வீட்டு வெல்டர் ஏரிப்பக்கம் இறங்கி நின்று ஹோஸில் தண்ணீர் அடித்தார். என் கணவர் இந்தப் பக்கம் டார்ச்சோடு குத்தவைத்து உட்கார்ந்து சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓர் இடத்தில் ஈரம். சாக்பீஸ் வட்டம். மறுபடி பூச்சு. மறுபடி தண்ணீர். கடைசியில் சுவரில் பெரிதாக 'பாஸ்' என்று எழுதினார். ரிட்டயர்மென்ட் அன்று மாலை போட்டபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பூரிப்பு இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை நேரம் எல்லோரும் குடையோடு சுவர் ஓரம் கூடினோம். ஏரி எழும்பி வந்து சுவரில் மோதியது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. என் கணவரும் வெல்டரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எனக்குக் குதிகாலில் ஜில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தெரு வந்துகொண்டிருந்தது.

தெருவில் பெய்த மழை அத்தனையும் வழக்கம்போல எங்கள் வீட்டோரமாக ஏரிக்குப் போக வந்து, சுவரைக் கண்டு நின்றுவிட்டது. அந்த மூலையில் ஓடை வெட்டியது ஏரி இல்லை, எங்கள் தெருத் தண்ணீர்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் அளவு நின்றது. தெருமுனையில் ஆட்டோ நிறுத்துகிறவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"இன்னா சார், ஏரி அந்தாண்ட கீதா, இந்தாண்ட கீதா?"

வெல்டர் தன் பங்குக்குச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். பின்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருந்தது. காலண்டர் தாள் நடுவில் கிழிந்து இரண்டாகத் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. அடியில் விரிசல் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், சுவர் ஏரிப்பக்கமாக லேசாகத் தொப்பை போட்டிருந்தது. சுவர் போனால் மண் போகும், மண் போனால் சமையலறை போகும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், முழங்கால் தண்ணீரில் கமிட்டி கூடியிருந்தது.

ஓட்டை போட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பாஸ் செய்த பொருளில் கை வைப்பதென்றால் அதற்கொரு முறை இருக்கிறதாம். தொழிற்சாலையில் மேலிடம் கையெழுத்துப் போடாமல் ஓர் ஆணியைக்கூட எடுக்க மாட்டார்களாம். இங்கே மேலிடம் யார் என்பதில் இழுபறி. வெல்டர், தலைவர்தான் போட வேண்டும் என்றார். தலைவர், பாஸ் செய்தவனே எப்படி மாற்றிப் போடுவது என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் போடறேன் கையெழுத்து. எங்க போடணும், தண்ணியிலயா?" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார்.

"தாள் கிழிஞ்சிடுச்சுங்க," என்றேன்.

அவர் வீட்டுக்குள் போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார். தண்ணீரில் முட்டி போட்டு, சுவரைத் தடவித் தடவி இடம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து ஒரு வட்டம் போடப் பார்த்தார். ஈரச் சுவரில் பிடிக்கவில்லை. அப்படியே அடிக்க ஆரம்பித்தார். இரட்டைக் கனம் அல்லவா, லேசில் விடவில்லை. அவர்கள் பூசிய கலவையின் தரத்தை அன்றைக்குத்தான் நிஜமாகவே சோதித்தார்கள். ஆட்டோக்காரர் ஒரு கடப்பாரை கொண்டுவந்து, "தள்ளு நைனா, நா ஒரு குத்து குத்துறேன்" என்றார். இவர் விடவில்லை. தானே அடித்தார். கண்ணிலிருந்து வழிந்தது மழையா என்று நான் கேட்கவில்லை. ஒரு கல் நகர்ந்தது. தண்ணீர் அந்த இடத்தில் சுழித்து, உறிஞ்சுகிற சத்தத்தோடு ஏரிக்குள் பாய்ந்தது. அப்புறம்தான் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சுவர் நெடுக வரிசையாக ஓட்டைகள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நடுவில் ஒரு முறை சண்டையும் நடந்தது.

மழை விட்டபின் ஓட்டைகளில் குழாய் வைத்துப் பூசினார்கள். அந்த மூலையில் தண்ணீர் விழுகிற இடத்தில் கல் பரப்பினார்கள். தொப்பை போட்ட பகுதிக்கு முட்டுக் கொடுத்தார்கள். சமையலறை விரிசலைப் பூசி, மேலே புதுத் தாள் ஒட்டியாயிற்று. சுவரில் 'பாஸ்' என்று மட்டும் இவர் மறுபடி எழுதவில்லை.

அதற்குப் பதிலாக வேறொரு வழக்கம் வந்தது. மழை பிடித்தால் போதும், குடையை எடுத்துக்கொண்டு சுவர் நெடுக நடந்துவிட்டு வருவார். வாழ்நாள் முழுக்க ஒழுகக்கூடாது என்று பார்த்த மனிதர் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லா ஒழுகுது" என்பார். நான் காப்பி கொடுப்பேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது. மத்தியானம் மழை தொடங்கியதும் கட்டிலில் இருப்புக் கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நான் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போனேன். சுவர் ஓரமாகக் கடைசிவரை நடந்து, ஒவ்வொரு குழாயாகக் குனிந்து பார்த்தேன். திரும்பி வந்து சமையலறையில் தாளையும் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கேறி மஞ்சளாகியிருந்தது. கிழியவில்லை.

"ஒழுகுதா?" என்றார், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு.

"ஒழுகுது."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"தாள்?"

"அப்படியே இருக்கு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.