எட்டும் ஒன்பதும் இல்லாத டிரங்க் கால்

எண்ணெய் வாசனை...

தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இல்லை. கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளை போட்ட பேப்பர் டேப்பில் தடவியிருந்த மெல்லிய எண்ணெய். சுருளைத் தொட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் தயிர்சாதத்திலும் அந்த வாசனைதான். இன்றும் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது எனக்குப் பசிக்கிறது!

எழுபதுகளின் பிற்பகுதி. வாளையாருக்குப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். சொந்த ஊர் மலை மேலே சூரியநெல்லி. அப்பா எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பெண் பிள்ளை என்று பார்க்காமல் என்னைக் கான்வென்ட்டில் சேர்த்தவர்.

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பீரோ உயரம். அதற்காக ஒரே ஓர் அறைக்கு ஏசி போட்டார்கள். வெளியே சித்திரை வெயிலில் தார் உருகும். உள்ளே போனால் பல் கிட்டும். பக்கத்து எலப்புள்ளியிலிருந்து வந்த ஆண்கள் மங்கி கேப் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள், தும்மிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

எனக்கோ அது ஊர்க் குளிர். ஒரு ஃபைல் கொடுக்கப் போனவள் வெளியே வர மனமில்லாமல் நின்றதை மேனேஜர் பார்த்துவிட்டார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். "இந்தப் பொண்ணுக்குக் குளிரே தெரியலையே" என்று வியந்து, ஒரு மாதம் மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரிப்படாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஆள் வருவார், நான் பழையபடி டைப்ரைட்டருக்குப் போக வேண்டும்.

போகும் உத்தேசம் எனக்கு இல்லை.

மாதக் கடைசியில் முதலாளி மெஷினைப் பார்க்க வருவதாக இருந்தது. நீங்கள் இன்று ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதை அன்று மானிட்டர் என்போம். புது மானிட்டரின் டேப் முதல் நாளே பார்சலில் வந்துவிட்டது. அதை ஏற்றிவைக்க வேண்டிய மெட்ராஸ் இன்ஜினியர்தான் ரயிலைத் தவறவிட்டுவிட்டார்.

டேப்பை மட்டும் மாட்டினால் போதாது. அதை எப்படிப் படிப்பது என்று மெஷினுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். முகப்பில் வரிசையாக இருக்கும் ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வோர் எண்ணாக உள்ளே போட வேண்டும். புது டேப்புக்குப் புது எண்கள். அவை அந்த இன்ஜினியரிடம் இருந்தன.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் செய்தோம்.

லைன் கிடைத்தது... மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல்! அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவருக்கும் கேட்கவில்லை. நடுவில் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்ணின் குரல் மட்டும் மணி மாதிரி வந்தது.

"ஏனுங்க, ரெண்டு பக்கமும் எனக்கு நல்லாக் கேக்குதுங்க. அவரு சொல்றத நான் சொல்லட்டுங்களா?"

அவள் பெயர் ரத்னா. கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சித்தூர். அன்றுவரை முகம் பார்த்ததில்லை.

அவர் சொன்னார், ரத்னா சொன்னாள், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் ஸ்விட்சுகளைத் தள்ளினேன். அந்த மெஷினில் ஏழுக்கு மேல் இலக்கமே கிடையாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ரத்னா கேட்டாள்: "ஏனுங்க, உங்க கம்பெனியில எட்டும் ஒம்பதும் வாங்கவே இல்லீங்களா?"

சிரிப்பில் ரிசீவர் நழுவப் பார்த்தது.

எல்லா எண்ணும் போட்டாயிற்று. ஸ்டார்ட் அழுத்தினேன். டேப் ஒரு முழம் ஓடியது. நின்றுவிட்டது.

கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு என் தோளருகில் நின்ற மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலாளியின் கார் வாளையார் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

கான்வென்ட்டில் டிக்டேஷன் முடிந்ததும் ஒருத்தி எழுந்து எழுதியதை உரக்கத் திருப்பி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சிஸ்டர் "யெஸ்" சொன்னால்தான் அடுத்த வரி. எனக்குத் தெரிந்த வழி அதுதான். உள்ளே போன எண்களை முகப்பில் எரியும் விளக்குகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். ரத்னா அதை மெட்ராஸுக்குச் சொல்லி, அவருடைய "சரி"யை எனக்குத் திருப்பினாள்.

"ஒரு தடவை போட்டதை எதுக்கு மறுபடியும் படிச்சுண்டிருக்கேள்? இன்னொரு தடவை ஸ்டார்ட்டை அழுத்திப் பாருங்கோ" என்றார் மேனேஜர்.

"அழுத்த மாட்டேன் சார். எல்லாத்துக்கும் சரி வரட்டும்."

பாதிக்கு மேல் வந்திருப்போம். "இல்லீங்க, இது தப்புங்கறாரு" என்றாள் ரத்னா. நான் சரியாகப் போட்ட எண் அது, எனக்கு நிச்சயம். மறுபடி ஸ்விட்சுகளை வைத்தேன். உள்ளே அனுப்பக் கையைக் கொண்டுபோனபோதுதான் கண்டேன். நன்றாகப் பார்ப்பதற்காக மேனேஜர் குனிந்தார், அவருடைய போர்வைக் குஞ்சம் கடைசி ஸ்விட்சை அழகாகக் கீழே இழுத்துவிட்டுப் போனது!

"சார், மெஷினுக்குப் போர்வை வேண்டாமாம்" என்றேன்.

அவர் குஞ்சத்தைப் பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார். மங்கி கேப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் வெயிலில் நின்றார். பாவம், நல்ல மனிதர்.

அந்த எண்ணைத் திருத்திப் போட்டு, மீதி எண்களையும் "சரி" வாங்கி முடித்தேன். ஸ்டார்ட்.

டேப் ஓடியது... ஓடியது... தரையில் மடிப்பு மடிப்பாக விழுந்தது. மெஷினோடு இணைத்திருந்த டெலிபிரிண்டர் கடகடவென்று ஒரு வரி அடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பதுபோல் நின்றது.

"வண்டி கெளம்பிருச்சுங்களா?" என்றாள் ரத்னா. அவள் சொல்லித்தான் மெட்ராஸுக்கே தெரிந்தது.

முதலாளி வந்தார், பார்த்தார், குளிர் தாங்காமல் சீக்கிரமே போய்விட்டார். என் இடத்துக்கு மெட்ராஸ் ஆள் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி, மகன் பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை அந்த அறை என் அறையாகவே இருந்தது.

அந்த மகன் இன்று பெங்களூரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். டிஸ்க்கும் இல்லை, டேப்பும் இல்லை. வெறும் மெஷினை நெட்வொர்க்கில் மாட்டி ஆன் செய்தால், "எனக்கு யார் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று அதுவே குரல் கொடுக்குமாம். வேறெங்கோ இருக்கும் இன்னொரு மெஷின் துண்டு துண்டாகச் சொல்லுமாம். ஒவ்வொரு துண்டுக்கும் "வந்தது" என்று பதில் போனால்தான் அடுத்தது வருமாம். ஒரே நேரத்தில் ஓர் அறை நிறைய மெஷின்கள்... இவன் காபி குடித்துக்கொண்டிருப்பானாம்.

"நடுவில் யார்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா."

ரத்னா சித்தூரில்தான் இருக்கிறாள். என் கணவர் மறைந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவளிடமிருந்து போன் வரும். லைன் இப்போது கண்ணாடி மாதிரி. ஆனாலும் நான் எது சொன்னாலும் ஒரு முறை திருப்பிச் சொல்வாள். நான் "சரி" என்ற பிறகுதான் அவள் பேச்சு.

போன வாரம் மகன் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். முழுக்கத் திருப்பிச் சொன்னாள். "சரி" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. இப்பவாச்சும் எட்டும் ஒம்பதும் வாங்கிட்டாங்களா?"

வாங்கிவிட்டார்கள் ரத்னா. போதாதென்று இப்போது எண்களோடு ஏ, பி, சி வேறு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.