நூறு வந்தது, பேக்கப் போனது

தைவானின் சியாயி நகரத்து அந்தக் கல்யாணக் கேக் கடையில் கம்ப்யூட்டர் என்றால் ஷூ-யுன்தான், கடைக்காரர்களுக்கு ஆ-யுன். மவுஸில் ஈ உட்கார்ந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெட்டி கட்டும் வேலைக்கு வந்தவள், கடையின் லினக்ஸ் சர்வரைத் தானே தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். கூடவே கர்வமும் வந்தது. "என் பேக்கப் இருக்கு. சர்வர் எரிஞ்சாக்கூட எழுப்பிடுவேன்" என்பாள்.

அந்த ஜனவரியில், குடியரசு பிறந்த வருஷத்தை ஒன்றாக வைத்து எண்ணும் தைவானின் ஆண்டுக்கணக்கில் 99 முடிந்து 100 பிறந்திருந்தது. நூறில் கல்யாணம் செய்தால் ராசி என்று ஊரே கிளம்பிவிட்டது. புது வருஷத்து ஆர்டர்கள் முழுக்க சர்வருக்குள்தான்: எந்தப் பெண் வீட்டுக்கு எத்தனை பெட்டி, என்றைக்கு என்று. கல்யாணச் சேதியோடு பெண் வீட்டார் சொந்தபந்தத்துக்குக் கொடுக்கும் கேக் அது; பெட்டி போய்ச் சேராவிட்டால் அவர்கள் முன் தலைகுனிய வேண்டும். அந்தச் சாபம் கடையைச் சும்மா விடாது.

மதியச் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, எல்லோரும் மேசையில் தலைசாய்க்கும்போதுதான் பேக்கப் ஓடும். அன்று அது ஓடிக்கொண்டிருக்கையில் சர்வரின் டிஸ்க் கரகரவென்று செத்தது.

முதலாளியம்மா லூ கன்னத்தில் சட்டைமடிப்பின் தடத்தோடு ஓடிவந்தாள். "ஆ-யுன், நாளைக்குக் காலைல மொத வண்டி கெளம்பணும்டி! யார் வீட்டுக்குப் போறதுன்னு இனி யாரைக் கேக்கறது?"

"பதறாதீங்கம்மா. பேக்கப் இருக்குல்ல."

பேக்கப் டிஸ்க்கைத் திறந்தவள் பட்டியலை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தாள். முழு நகல்கள் 99-12-31 என்ற பெயரோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு இன்றைய அரைகுறை நகல் மட்டும்தான்.

தினமும் அன்றைய தேதியையே பெயராக வைத்து நகல் எடுத்து, ஏழு நகல்களை வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும்படி அவளே எழுதிய கட்டளை அது. கம்ப்யூட்டரோ பெயர்களை அகராதி போல வரிசைப்படுத்துகிறது. அதற்கு 1, 9-க்கு முன்னால். அதனால் 100 என்பது 99-ஐவிடப் பழசு! புது வருஷத்து நகல் ஒவ்வொன்றையும் எடுத்த கையோடு அதுவே அழித்திருக்கிறது. தினமும் "முடிந்தது" என்று செய்தி வேறு. அதைப் பார்த்துத் தலையாட்டியவள் ஒரு நாளாவது திறந்து பார்த்தாளா? அவமானத்தில் காது சுட்டது.

புது டிஸ்க்கை மாட்டி, 99-12-31 நகலை முழுதாக இறக்கினாள். சர்வர் எழுந்தது.

"உயிர் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. ஆனா அதுக்கு இன்னும் போன வருஷம்தான்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார் கேக் மாஸ்டர் யென். "எரிஞ்சாலும் எழுப்புவேன்னியே ஆ-யுன், இப்ப எரியக்கூட இல்லையே!"

"அண்ணே, கொஞ்சம் வாயை மூடுங்க."

மிச்சமிருந்தது அந்த அரைகுறை நகல். அதிலும் ஆர்டர்கள் வருவது கடைசி ஃபோல்டரில். அது வருவதற்குள் டிஸ்க் செத்திருந்தால் அவ்வளவுதான். பிரித்தாள். திரையில் கோப்புப் பெயர்கள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. முதலாளியம்மா அவள் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. கடைசி ஃபோல்டர் தொடங்கியது. ஆர்டர்கள் வந்தன. அதற்குக் கொஞ்சம் தள்ளி, பாதி வரியில் நகல் அறுந்து நின்றது.

இன்று காலை வந்த ஆர்டர் வரை எல்லாம் இருந்தது. ஷூ-யுன் மேசையில் முகம் புதைத்து அழுதாள்.

"உன் பேக்கப்தாண்டி நம்ம மானத்தைக் காப்பாத்துச்சு!" என்று முதலாளியம்மா அவள் முதுகைத் தட்டினாள். யென் அண்ணன்கூடக் கைதட்டினார்.

தலையாட்டியிருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. என் பேக்கப் ஒழுங்கா முடிஞ்சிருந்தா இதையும் அழிச்சிருக்கும். டிஸ்க் நடுவுல செத்துச்சு பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு."