நதீம் கடையில் வாங்கிய சத்தமில்லாத கீபோர்டு

இதைச் சொன்னால் என் அண்ணனே, "உனக்குத் தூக்கம் பத்தலை அம்மிணி" என்கிறான். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில்தான் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை.

நான் சரிதா. பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் காளிதாஸ், ஒரு நூல் வியாபாரிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொடுப்பார். போன சித்திரையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. காரியம் முடிந்ததும் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எனக்கும் எங்கள் ஆறு வயது மகள் பிரீத்திக்கும் சோறு அதில்தான்.

வேலை பழகிவிட்டது. அவருடைய கீபோர்டுதான் என்னைக் கொன்றது. கடக் கடக் என்று அடிக்கும் ரகம். ஒவ்வொரு பில் முடிந்ததும் என்டர் பட்டனை ஓங்கி ஒரு குத்து குத்துவார். இப்போது நான் அதன் முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் பிரீத்தி ஓடி வருவாள். கதவைத் தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்போடு.

"அப்பா!"

நாற்காலியில் நான் இருப்பேன். அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்துவிடும். திரும்பிப் போவாள். தினமும் இதே கதை. தினமும் என் குழந்தைக்கு அவள் அப்பா இன்னொரு தடவை செத்தார். பெற்றவள் இதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்?

பஸ் ஸ்டாப் எதிரில் நதீம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அந்தச் சனியனை அவருக்கு விற்றவனும் அவன்தான்.

"சத்தமே வரக்கூடாது நதீம்."

"தறி ஓடற ஊர்ல இருந்துட்டு சத்தமில்லாத கீபோர்டு கேக்கற மொத ஆளு நீங்கதானுங்க்கா" என்று சிரித்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கடையில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டான். ஒன்றில் பட்டன்கள் கல் மாதிரி. பத்து பில்லுக்குள் விரல் கடுக்கும். இன்னொன்று கைக்கு அடக்கம், ஆனால் வலது ஓரத்தில் எண்களுக்குத் தனி பட்டன் இல்லை. பில் போடுகிறவளுக்கு அது உதவாது. ரோட்டு இரைச்சலில் எதையும் நம்ப முடியாமல், குடோன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து அழுத்திப் பார்த்தேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. தட்டையான பட்டன், அடியில் ரப்பர். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி இறங்கியது.

"இதானுங்க்கா. பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக்கூட கேக்காது."

பழையதைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, வீட்டில் நான் வேலை செய்யும் அறையிலேயே சுவரோரம் இருந்த அட்டாலிப் பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு புதியதில் வேலையைத் தொடங்கினேன். எனக்கே கேட்கவில்லை.

பிரீத்தி வந்தாள்.

ஓடி வரவில்லை. மெதுவாக வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அட்டாலியைப் பார்த்தாள்.

"அப்பா மேல இருக்காராம்மா?"

தோளைத் தொட்டுத் திருப்பினேன். "என்ன சாமி?"

"டைப் அடிக்கறாரே..."

ஏக்கம், வேறென்ன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வெளியே அத்தனை தறி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி அவளுக்கு என்ன கேட்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த மாதம் கரண்ட் நிறுத்தும் நாள் வந்தது. அன்று சனிக்கிழமை, பள்ளி லீவு. காலை ஒன்பது மணிக்குத் தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. எங்கள் ஊரில் சத்தம் யாருக்கும் தெரியாது. அது நின்றால்தான் தெரியும். நான் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கேட்டது.

கடக்... கடக் கடக்... கடக்...

கத்தி கையிலேயே நின்றது. எழுந்து போனேன்.

அறைக்கதவு திறந்திருந்தது. பிரீத்தி எனக்கு முதுகைக் காட்டி, அட்டாலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் புதிய கீபோர்டு. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

கடக் கடக்... மேலே இருந்து.

அவள் விரல் தரையில் தட்டியது. அதே வேகம். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

"பிரீத்தி!"

திரும்பவில்லை.

"சாமி..."

திரும்பவில்லை.

சத்தம் நின்றது. விரலும் நின்றது.

பிறகு... ஓங்கி ஒரே ஒரு குத்து.

டக்!

அதே நொடியில் அவள் உள்ளங்கையால் தரையை அறைந்தாள்.

ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா ஒரு பில்லு முடிச்சுட்டாரும்மா."

ஸ்டூல் போட்டு ஏறினேன். சுற்றிய துணி சுற்றியபடி. போட்ட முடிச்சு போட்டபடி. அவிழ்த்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் பிரீத்தியின் டீச்சர் தெய்வநாயகி போன் செய்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பாப்பா கூப்புட்டாத் திரும்பறதே இல்லீங்க. எதுக்கும் காதை ஒருக்கா காட்டிருங்க."

சேலத்தில் காட்டினேன். இரண்டு காதும் போயிருந்தது. அவர் செத்துப்போன அந்த வாரம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் அடித்தது. அதில் போயிருக்கும் என்றார் டாக்டர். தறி ஓடும் தெருவில் யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. அந்த இரைச்சலில் தோளைத் தொடுவோம், வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்வோம். அவளும் அப்படித்தான் எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். வித்தியாசமே தெரியவில்லை.

"கீபோர்டு சத்தம் இவளுக்குக் கேக்குமுங்களா டாக்டர்?"

"வாய்ப்பே இல்லைம்மா. பக்கத்துல வெடி வெச்சாத்தான்."

அப்படியானால் முதல் நாளிலிருந்தே அவள் ஓடி வந்தது என் சத்தத்துக்கு இல்லை. ஊருக்கு வரும் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கி மாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் அட்டாலிக்குக் கீழே உட்கார்ந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு இரண்டையும் பிடுங்கி எடுத்தாள்.

"இதப் போட்டா அப்பா போயிடறாரும்மா."

கழற்றவே கூடாது என்கிறார் டாக்டர். பள்ளி விட்டு வந்ததும் அவள் கழற்றி என் கையில் கொடுக்கிறாள். நானும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.