மூன்றெழுத்துக் கருணை

என்னைப் போல ஒரு மடையன் திலக் நகரில் இன்னொருவன் இருக்க மாட்டான். இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே குடும்ப வாட்ஸப் குழுவில் அரபுப் பாடம் நடத்திவிட்டேன். ரா, ஹா, மீம் என்ற மூன்றெழுத்து வேரிலிருந்துதான் கருணைக்கான சொல்லும் கருப்பைக்கான சொல்லும் வருகின்றன, இரத்த உறவுக்கும் அந்தக் கருப்பைச் சொல்தான் என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதினேன். பாராட்டு வரும்வரை அறுந்த செருப்பை ஒட்டலாமென்று சொல்யூஷன் பசை டப்பாவைத் திறந்தேன்.

அந்த வாடை என்னைத் தாராவியில் வாப்பாவின் தோல்பைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அங்கே வெட்டி மேதைகள் கூடுவார்கள். அரை கிளாஸ் கட்டிங் சாயாவை உறிஞ்சியபடி வாப்பா இதே மூன்றெழுத்தை விளக்குவார். சாயா ஓசி என்பதால் அவர்களும் தலையாட்டுவார்கள். ஒருநாள் வாப்பாவின் தங்கை, எனக்குக் குப்பி, மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்து வாசலில் நின்றார். ஏதோ பழைய சண்டையில் வாப்பா அவரோடு பேசுவதில்லை. அன்றும் தங்கை பக்கம் முகத்தைத் திருப்பாமல் கருப்பை, கருணை என்று நீட்டிக்கொண்டே போனார்.

"மூணு எழுத்தையும் நல்லாத்தான் சொல்லுதிய அண்ணே," என்று பத்திரிகையைத் தோல் குவியல்மேல் வைத்துவிட்டுக் குப்பி போய்விட்டார். வாப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த மூன்றெழுத்தின்மேல் மனசுக்குள் காறித் துப்பினேன்.

போன் சிணுங்கியது. உம்மாவை ஆண்டாப் ஹில்லில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் லாத்தா, அதாவது அக்கா. பெருநாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லாத்தாதான் பதில் போட்டிருந்தாள்.

"உம்மாவப் பாக்க எப்பல வார?"