புளி சேராத மீன்

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். மற்ற நாள்களில் எங்களைப் போலச் சோறும் குழம்பும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் துரையாகிவிடுவார். மேசையில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். ஒரு தட்டு, ஒரு கிளாஸ், ஒரு போத்தல் வெள்ளை ஒயின். எதிரே இன்னொரு நாற்காலி உண்டு. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஒயினுக்குப் புளியும் மிளகாயும் ஆகாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் அவருக்கென்று தனியாகக் கொடுவா மீனை ஆவியில் வேகவைத்து, வெண்ணெய் உருக்கி ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து வைப்பார் என் மாமியார். எங்களுக்கு அடுக்களையில் மீன் குழம்பு. அந்தச் சட்டி மேசைப் பக்கமே வரக் கூடாது. வாசனை பட்டால் ஒயின் செத்துவிடுமாம். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தையின் மீன் குழம்புக்குத் தெருவில் பெயர் உண்டு. அத்தை மட்டும் வாய் திறக்க மாட்டார். ஒரே ஒருமுறை, மீன் ஆய்ந்துகொண்டே, "நெசமாவே சேராதா, இல்ல என் சமையல்தான் அவுங்களுக்கு எளப்பமா, தெரியலடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சந்தேகம் அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

மாமனார் இறந்தபோது அவருடைய மகன், அதாவது என் கணவர், கடலில் இருந்தார். சரக்குக் கப்பலில் வேலை. அப்பாவுக்கென்று தென்னமெரிக்காவில், சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில், ஒரு போத்தல் வெள்ளை ஒயின் வாங்கித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். ஊர் வந்து சேர்ந்தபோது குடிக்க ஆள் இல்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியிருந்தது. தெருவெல்லாம் தோரணம். அதனடியில் நாங்கள் மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு மாமனாரின் கல்லறைக்குப் போய் வந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை, "அந்தப் போத்தலைத் தொற தம்பி. நான் குடிச்சுப் பாக்கணும்" என்றார். என் கணவர் திகைத்துப்போனார். திராட்சரசம் என்றால் கோயிலில் சாமியார் குடிப்பது, வீட்டில் புருஷன் குடிப்பது என்று இருந்தவர் அத்தை. ஆனால் விடிந்ததுமே போத்தலை ஈரத்துணியில் சுற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தார், மாமனாருக்குச் செய்வதைப் போலவே. கொடுவாவும் வெந்திருந்தது, மீன் குழம்பும் கொதித்து இறங்கியிருந்தது.

நான் துணி விரித்தேன். அத்தை குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து அந்த வெள்ளைத் துணியின் மேலேயே வைத்தார். உட்காரவில்லை. நின்றபடியே, என் கணவர் ஊற்றிக் கொடுத்த மாமனாரின் கிளாஸை வாங்கி, அண்ணாந்து, உதடு படாமல் தண்ணீரைப் போலத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டார். இருமல் வந்தது. "ஒண்ணுமே தெரியலயே" என்றார்.

"அப்படி ஊத்திக்கிட்டா தெரியாதும்மா. வாய் வச்சு, மோந்து பாத்துக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமாக் குடி" என்றார் என் கணவர்.

அத்தை கிளாஸைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் கழுவித் துடைத்துக் கவிழ்த்த கிளாஸ். பிறகு வாய் வைத்தார். நானும் விடுவேனா, ஒரு டம்ளரில் வாங்கிக்கொண்டேன். நார்த்தை இலையைக் கசக்கியது போல ஒரு வாசனை. நாக்கில் பட்டதும் மாங்காய்ப் பிஞ்சின் புளிப்பு. இனிப்பு துளியும் இல்லை. விழுங்கிய பிறகும் கன்னத்துக்குள் நீர் ஊறிக்கொண்டே இருந்தது.

அத்தை குழம்பு மீனில் ஒரு துண்டு தின்று, மேலே ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. நானும் செய்து பார்த்தேன். புளிக்கு முன்னால் ஒயின் வெறும் தண்ணீராகிவிட்டது. மிளகாய் மட்டும் கூடுதலாக எரிந்தது. குழம்பும் கெட்டது. அடுத்து கொடுவா. வெண்ணெயின் வழவழப்பை அந்தப் புளிப்பு வழித்துக்கொண்டு போக, மீனின் தித்திப்பு தனியாகத் தெரிந்தது. ஒயின் வாங்கிய துறைமுகத்தில் வேகவைக்காத மட்டிச் சிப்பியில் எலுமிச்சை பிழிந்து இதோடு சாப்பிடுகிறார்கள் என்றார் என் கணவர். மாமனாரைக் குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று காத்திருந்த எனக்கு ஏமாற்றம்தான்.

"அவுங்க சொன்னது நெசந்தான். புளி சேரல" என்றார் அத்தை.

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "அப்பாவுக்கு உன் சமையல்னா உசுரும்மா" என்றார் என் கணவர். அத்தை தலையாட்டிக்கொண்டே கொடுவாவில் இன்னொரு துண்டு எடுத்துத் தின்றார். கிளாஸை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏந்தம்பி, இந்தப் புளியில்லாத மீனையும் நான்தானே சமைச்சேன்? எனக்கும் ஒரு தட்டு வச்சு, எதுக்க உக்காருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுக்களைக்குப் போய் ஒரு தட்டு எடுத்துவந்து, அந்த எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன்.

"உக்காருங்கத்தை" என்றேன்.

அத்தை தட்டைப் பார்த்தார். கிளாஸை மேசையில் வைத்தார்.

"இப்பப் பசிக்கலடி" என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.