ஆறிப்போன உருளைக்கிழங்கு

நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊரில், எங்கள் தெருமுனையில் ஒரு பப் இருக்கிறது. அதன் பின்தோட்டத்தில் ஞாயிறு மத்தியானம் ரோஸ்ட், அதாவது அவனில் சுட்ட கோழியும் உருளைக்கிழங்கும், சாப்பிட நானும் கணவரும் போயிருந்தோம். அவர் ஏதோ ஒரு கிராஃப்ட் பியர் வாங்கினார். முதல் வாயிலேயே முகம் கோணிப்போனது, அவ்வளவு புளிப்பு. பரிமாறிய பெண் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, அருமை என்றார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான். டொக்டர் தப்பான பல்லைப் பிடுங்கினாலும் நன்றி சொல்லிவிட்டு வருவார்.

என் தட்டில் கோழி நன்றாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்கு மட்டும் ஆறி, தோல் சுருங்கி, சவசவத்துப் போயிருந்தது. நான் கையை உயர்த்தினேன்.

“சும்மா இரும். எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்று கணவர் மேசைக்கடியில் என் காலைத் தட்டினார்.

“கிழங்கு ஆறிப்போச்சு எண்டு நினைப்பினம்,” என்றேன்.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுத் தட்டை எடுத்துப் போனாள். அவர் தலை நிமிராமல், பக்கத்து மேசைக்கடியில் படுத்திருந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் புதுத் தட்டு வந்தது. பொன்னிறமாக, ஆவி பறக்க, முன்பைவிட இரண்டு கிழங்கு கூட. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அந்த மொறுமொறுப்பு தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் தன் பியர் கிளாஸை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

“இதையும் ஒருக்காச் சொல்லிப் பாருமன்.”

“உங்களுக்கும் கை இருக்குத்தானே,” என்றேன்.

முதலில் கையைக் காதளவுக்குத்தான் உயர்த்தினார். பிறகு தலைக்கு மேலே.